வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்

"நீங்களே செஞ்சுக்குங்க சார், வாடகையில கழிச்சுக்கலாம்."

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வாடகை வீட்டில் காலம் தள்ளிய யாருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. ஓடு மாற்றுவது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது, அடிபம்புக்கு வாஷர் மாற்றுவது, கொல்லையில் கழிப்பறை கட்டுவது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் நடந்தன. சொல்லும்போது இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். கணக்குத் தீரும்போது எல்லாரும் சிரித்தார்களா என்பது வேறு கதை. இந்த வழக்கம் எப்படி வந்தது, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்ததால் சட்டப் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. வாடகை வீட்டிலேயே பாதி ஆயுள் போனதால் அனுபவமும் உண்டு.

நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். மண் சுவர் அல்லது செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், மேலே நாட்டு ஓடு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓட்டைப் பிரித்து, உடைந்ததை நீக்கி, மறுபடி அடுக்க வேண்டும். குரங்கு வரும் தெருவாக இருந்தால் வருடா வருடம். ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வேலை முடியாவிட்டால் கூடத்தில் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குன்னம், வேப்பூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் கட்டிய வீட்டுக்கு இன்னொரு தொல்லை. அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சுவர் அதோடு சேர்ந்து விரிசல் விடும். எவ்வளவு பூசினாலும் அடுத்த சித்திரைக்கு மறுபடி கோடு போட்டுவிடும். "கரிசல் சார், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

அப்போது பெரும்பாலும் பணம் கைமாறவில்லை, உழைப்புதான் கைமாறியது. குடியிருப்பவர் கொத்து வேலையோ தச்சு வேலையோ தெரிந்தவரானால் அவரே செய்துவிடுவார், அந்த மாத வாடகை பாதியாகும். கூரை வீடானால் கீற்று வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர், மேய்வது குடியிருப்பவர். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது குடியிருப்பவர் வேலை என்பது எழுதப்படாத விதி. அதற்குக் கழிவும் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது.

இது பெரிய தொகைக் கணக்காக மாறியது எங்கள் ஊர்களுக்கு வெளியாட்கள் மொத்தமாக வந்தபோது. அரியலூருக்கு அது முன்பே நடந்தது. 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, அதன் பின் தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு வீடு தேடினார்கள். பெரம்பலூருக்கு 1995 கடைசியில் அந்த நிலை வந்தது. திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூரைத் தலைநகராக்கியதும் ஆட்சியர் அலுவலகம் தொடங்கி ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாவட்ட அலுவலகம் வேண்டியதாயிற்று. அலுவலகத்துக்கே இடம் தேடிய ஊரில் அலுவலர்களுக்கு வீடு எங்கே இருக்கும்? அதுவரை பெரம்பலூர் ஒரு வட்டத் தலைநகரம், சென்னைச் சாலையில் பஸ் நின்று போகும் ஊர், அவ்வளவுதான். வாடகைக்கென்று கட்டிய வீடுகள் குறைவு. இருந்தவை சொந்தக் குடும்பம் வாழக் கட்டியவை. பின்கட்டையோ மாடியையோ ஒதுக்கிக் கொடுத்தார்கள். பல வீடுகளில் குளியலறை என்பது கொல்லையில் நாலு தட்டி. கழிப்பறையே இல்லை.

நான் குடிபோன வீடும் அப்படித்தான். வாடகை 600 ரூபாய். வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில். கையில் ரொக்கம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கழிப்பறையும் தொட்டியும் கட்ட 9,000 ரூபாய் ஆயிற்று. நான் போட்டேன். மாதம் 250 கழித்துக்கொண்டு 350 கொடுப்பது என்று ஏற்பாடு. 36 மாதத்தில் நேராகிவிடும். அந்த அம்மா பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "தம்பி, ரெண்டு பேரும் மாசாமாசம் கையெழுத்துப் போட்டுக்குவோம், நாளைக்கு எம் புள்ளைங்க உங்களை ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது" என்றார். படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் சட்டம் படித்த வக்கீல்கள் எழுதிய ஒப்பந்தங்கள் பல பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒன்றையும் பார்த்ததில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நம் நாட்டு வாடகைச் சட்டங்களுக்கு எல்லாம் தாத்தா. அதன் 108-ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. செய்யக் கடமைப்பட்ட பழுதை வீட்டுக்காரர் செய்யவில்லை, குடியிருப்பவர் அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றால், குடியிருப்பவரே செய்துகொண்டு, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆக, "வாடகையில் கழித்துக்கொள்" என்பது நம் ஊர்ப் பேச்சு மட்டுமல்ல, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே உள்ளது. வட்டியோடு என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் யாராவது வட்டி போட்டுக் கழித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் அதில் ஒரு முடிச்சு. செய்யக் கடமைப்பட்ட பழுது என்றால் மட்டும்தான். இருந்த ஓடு உடைந்தால் அது பழுது. இல்லாத கழிப்பறையைக் கட்டினால் அது பழுது பார்ப்பது ஆகாது. அதே பிரிவு, வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் குடியிருப்பவர் நிலையான கட்டுமானம் எதுவும் எழுப்பக் கூடாது என்கிறது, விவசாயத்துக்கானது தவிர. தான் பொருத்தியதைக் காலி செய்வதற்கு முன் கழற்றி எடுத்துப் போகலாம் என்றும் சொல்கிறது, இடத்தை வாங்கிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும். மின்விசிறியைக் கழற்றலாம். கழிப்பறைத் தொட்டியை யார் தோண்டி எடுத்துப் போவார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் வந்து வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949 என்று சட்டங்கள் மாறி, கடைசியில் 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலைத்தது. அறுபது வருடம் கோர்ட்டுகளில் புரண்ட சட்டம் இது. இதன் 22-ஆம் பிரிவும் பழுது பற்றித்தான். வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுப் போடலாம். அவர் விசாரித்து, குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழிக்க உத்தரவிடலாம். ஆனால் ஒரு வருடத்தில் கழிக்கும் தொகை அந்த வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது வருடத்துக்கு ஒரு மாத வாடகை. அதற்கு மேல் ஆகும் செலவைக் குடியிருப்பவர் தானே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் அந்த வேலைக்கும் அனுமதி தரலாம்.

என் 9,000 ரூபாயை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 600 வீதம் கழித்தால் 15 வருடம். அரசு ஊழியன் ஒரே ஊரில் 15 வருடம் இருப்பானா? மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும். மூன்றாம் வகுப்பு படித்த அந்த அம்மா போட்ட ஏற்பாடு சட்டத்தைவிட ஐந்து மடங்கு தாராளம். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. கொஞ்ச வாடகையையும் பழுதுச் செலவென்று குடியிருப்பவர் விழுங்கிவிடக் கூடாது என்று போட்ட வரம்பு அது. ஆனால் ஒரு மாத வாடகையில் ஓடு மாற்றலாமே தவிர, கழிப்பறை வராது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தும். பிறர் இடத்தில் தன் காசைப் போட்டு மேம்படுத்தியவனைச் சட்டம் காப்பாற்றவே இல்லையா என்றால், காப்பாற்றியிருக்கிறது, வீட்டு வாடகைக்காரனை மட்டும் விட்டுவிட்டு.

உழவனைப் பாருங்கள். அரியலூரும் உடையார்பாளையமும் ஜமீன்கள் என்பது நமக்குத் தெரியும். ஜமீன் நிலத்தில் குடியானவன் கிணறு வெட்டி மேட்டு நிலத்தை நன்செய்யாக்கினால் என்ன ஆகும்? விளைச்சல் கூடியதல்லவா, தீர்வையைக் கூட்டு என்பார்கள். இதைத் தடுக்கத்தான் 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தில், குடியானவன் முழுக்கத் தன் செலவில் செய்த மேம்பாட்டால் விளைச்சல் கூடினால் அதற்காகத் தீர்வையைக் கூட்டக் கூடாது என்று வைத்தார்கள். அயர்லாந்தில் இதே சண்டை அதற்கு முன்பே பெரிதாக நடந்தது. அங்கே குத்தகைக்காரன் வேலி போட்டு, வடிகால் வெட்டி, குடிசையைக் கல் வீடாக்கினால், அடுத்த வருடம் குத்தகை ஏறும். அல்லது வேறு ஆளுக்குப் போகும். 1870-ல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த நிலச் சட்டம், வெளியேற்றப்படும் குத்தகைக்காரனுக்கு அவன் செய்த மேம்பாட்டுக்கு ஈடு கொடுக்கச் சொன்னது. போதவில்லை என்று 1881-ல் நியாய வாடகை நிர்ணயிக்க நீதிமன்றமே வைத்தார்கள்.

அடுத்து அடிமனைக்காரன். மனை ஒருவருடையது, அதன் மேல் வீடு இன்னொருவருடையது. கோயில் மனைகளில் இதை நம் ஊரெல்லாம் பார்க்கலாம். முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் மனை விலை ஏறியபோது மனைக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள், கொடுக்காதவனை வீட்டைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அதனால் வந்தது 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். நியாயமான வாடகை கொடுக்கும் வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வீடு கட்டிக்கொண்டவர்கள் என்று அதன் முகப்புரையே பேசுகிறது. நம்பிக்கை என்ற சொல்லை ஒரு சட்டம் இப்படி மதித்தது எனக்கு எப்போதும் வியப்பு. வெளியேற்றினால் கட்டடத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் விரும்பினால் கோர்ட்டு மூலம் அந்த மனையையே விலைக்குக் கேட்கலாம். 1996-ல் கோயில் நிலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று திருத்தினார்கள், அது தனியாக எழுத வேண்டிய கதை.

மிராசுதார் நிலத்தின் ஓரத்தில் தானே குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்த விவசாயக் கூலிக்கு 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் அந்த மனையையே சொந்தமாக்கியது. அவர்கள் வாடகை கொடுத்தார்களா என்றால், உழைப்புதான் வாடகை.

கிணறு வெட்டியவனுக்கு ஒரு சட்டம், குடிசை கட்டியவனுக்கு ஒரு சட்டம். கொல்லையில் கழிப்பறை கட்டிய வாடகைக்காரனுக்கு அவன் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்ட பேச்சு மட்டும்தான்.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு அரியலூரில் என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அரியலூர் மாவட்டம் பிறந்து, மறைந்து, மறுபடி பிறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2001 ஜனவரியில் பிரித்தார்கள், 2002 மார்ச்சில் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் வாடகைக்கு வீடு கட்டியவர்கள் பட்ட பாடு தனி. மூன்றாவது முறைதான் ஊருக்கு நம்பிக்கை வந்தது, வாடகையும் ஏறத் தொடங்கியது. நண்பர் அப்போது பழைய வீடு ஒன்றில் 2,500 ரூபாய்க்குக் குடியிருந்தார். வயரிங் எல்லாம் பழைய மரப்பட்டைக் காலத்தது. அவர் 40,000 ரூபாய் போட்டு வயரிங் மாற்றினார், மேலே தண்ணீர்த் தொட்டி வைத்தார், சமையலறைக்கு டைல்ஸ் பதித்தார். மாதம் 1,000 கழிவு, 40 மாதம். எல்லாம் வாய்ப்பேச்சு. பெரியவர் தங்கமானவர், காகிதம் கேட்பது மரியாதை இல்லை என்று நண்பர் கேட்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன்கள் வந்தார்கள். "அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே சார். மாசம் ஆயிரம் வீதம் 18,000 பாக்கி நிக்குதே" என்றார்கள். நண்பர் தன் நோட்டைக் காட்டினார், அதில் அவர் கையெழுத்து மட்டும்தான். வக்கீல் சொன்னது இன்னும் மோசம். 1960 சட்டத்தின் 10-ஆம் பிரிவில் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது வெளியேற்றுவதற்கு முதல் காரணம். கட்டடத்தின் மதிப்போ பயன்பாடோ குறையும்படி சேதம் செய்வது இன்னொரு காரணம். கழித்துக் கொடுத்த ஒவ்வொரு மாதமும் பாக்கி ஆகிவிடும். வயர் போகச் சுவரில் வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் சேதம் ஆகிவிடும். செய்தது நன்மை, சேர்ந்தது குற்றம்.

வழக்குக்குப் போயிருந்தால் ஒரு பிடி இருந்திருக்கலாம். ஆந்திராவின் கூடூரில் ஒரு ஹோட்டல் வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், வாடகைக்காரரின் கூடுதல் முன்பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது அவரை வேண்டுமென்றே பாக்கி வைத்தவர் என்று சொல்ல முடியாது என்றது. தன் பணம் அவர்களிடம் இருக்கிறது என்று நண்பரும் வாதாடலாம். ஆனால் கூடூர் ஹோட்டல்காரரிடம் பணம் கொடுத்ததற்குச் சான்று இருந்தது. நண்பரிடம் டைல்ஸ் கடை ரசீதுதான் இருந்தது. அது டைல்ஸ் வாங்கியதைச் சொல்லும், வாடகையில் கழிக்கச் சொன்னதைச் சொல்லாது. தெருப் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து பேசினார்கள். பாக்கியும் கேட்க வேண்டாம், மீதியும் தர வேண்டாம், இரண்டு மாதத்தில் காலி என்று முடிந்தது. 22,000 ரூபாய் போயிற்று. அடுத்த மாதமே அந்த வீடு 4,000 ரூபாய்க்குப் போனது. புதிதாய் வந்தவர்களிடம் டைல்ஸ் போட்ட சமையலறை, புது வயரிங் என்று சொல்லித்தான் அந்த வாடகை கேட்டார்கள்.

மகன்களை அயோக்கியர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா சொல்லாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரர்கள் பக்கமும் பயம் உண்டு. அடிமனைச் சட்டத்தைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், குடியிருப்பவன் ஒரு சுவர் எழுப்பினாலும் இடத்துக்கே உரிமை கொண்டாடிவிடுவான் என்று அஞ்சினார்கள். அதனாலேயே பலர் எழுதித் தர மறுத்தார்கள். எழுதினால் அது அவனுக்குச் சாட்சியாகிவிடுமாம். எழுதாவிட்டாலும் ஒருவருக்குச் சாட்சி இல்லாமல் போகிறது, அது யாருக்கு என்பதுதான் வித்தியாசம். இன்னொரு பக்கம், வாடகை பல வருடம் ஏறாமல் நின்ற இடங்களில் வீட்டுக்காரர் ஒரு பைசா செலவழிக்கமாட்டார். செலவழிக்கவும் அவரிடம் இருக்காது. அந்த வீடுகள் இன்று நிற்கின்றன என்றால் குடியிருந்தவர்கள் ஓடு மாற்றியதால்தான்.

2019 பிப்ரவரி 22 முதல் நிலைமை மாறியது. 1960 சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று இணைப்பில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். கட்டடப் பழுது, வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தே முதுகு வளைந்த என் தலைமுறைக்கு இது புதுச் செய்தி.

நடைமுறையில் எங்கள் ஊர்களில் இன்னும் முத்திரைத் தாளில் 11 மாதத்துக்கு எழுதிக்கொள்கிறார்கள், அதுவும் எழுதினால். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற பழைய விதிக்குத் தப்பிக்கக் கண்டுபிடித்த 11 மாதம் அது. அந்தத் தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. என்ன வேலை, என்ன செலவு, மாதம் எவ்வளவு கழிவு, எந்த மாதத்தோடு தீரும், நடுவில் காலி செய்தாலோ யாராவது ஒருவர் இல்லாமல் போனாலோ மீதிக்கு யார் பொறுப்பு, எதைக் கழற்றிப் போகலாம் என்று அதில் ஏழெட்டு வரி எழுதி, வீட்டுக்காரரின் பிள்ளைகளில் ஒருவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும். இப்போது டயர் தொழிற்சாலைக்கும் கல்லூரிகளுக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகள் ஏ.சி. மாட்டச் சுவரைத் துளைக்கலாமா, இன்வெர்ட்டர் வைத்தால் கழிப்பார்களா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். முதலில் அந்தத் தாளை எடுத்து வா, பின்பக்கத்தைப் பார்ப்போம் என்கிறேன்.